காரணமானவர்

கோனோ மண்டியிட்டுத்தான் வட்டம் போட்டாள். நின்ற வாக்கில் குனிந்து இழுத்திருக்கலாம், இல்லை டில்லிபாபுவிடம் சாக்பீஸைக் கொடுத்திருக்கலாம், அவன் இந்த அசெம்பிளி லைனுக்கு லீடர், சொன்னால் ஓடி வந்து போட்டிருப்பான். ஜப்பானில் இருக்கும் தலைமை ஆபீஸிலிருந்து ஆலோசகராக வந்திருக்கும் இருபத்தொன்பது வயதுப் பெண், வெள்ளைச் சீருடையின் முழங்கால் பச்சைத் தரையில் அழுந்த, பாண்டி ஆடக் கட்டம் போடுகிற சிறுமி மாதிரி நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, லைனில் ஒன்பதாவது ஆள் நிற்கும் ஒன்பதாம் ஸ்டேஷனுக்கு ஆறடி தள்ளி ஒரு வட்டம் போட்டாள். தொடங்கின இடமும் முடிந்த இடமும் சரியாகச் சேரவில்லை. விரலால் அழித்து மறுபடி சேர்த்தாள். பிறகு எழுந்து, "பரந்தாமன் சான், உள்ள நில்லுங்க. பாருங்க. எழுத வேண்டாம்" என்றாள். ஒரகடத்தில் பதினான்கு மாதம் இருந்து பிடித்த தமிழ், பெரும்பாலும் வினைச்சொற்கள். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "சாப்பாட்டு மணி வரைக்கும்." கையை நீட்டினாள். கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்ச்சைக் கழற்றிக் கொடுத்தேன். கை நீட்டியபடியே இருந்தது. போனையும் கொடுத்தேன். அப்போது ஒன்பது ஐந்து. சாப்பாட்டு மணி பன்னிரண்டரைக்கு. இருநூற்றைந்து நிமிடம், டீ இடைவேளை பத்து நிமிடத்தைக் கழித்து, ஒரு பூட்டுக்குப் பத்தொன்பது வினாடி என்று வகுத்தால் அறுநூற்றுப் பதினைந்து கார்க் கதவுப் பூட்டுகள். அவ்வளவு பூட்டுகளையும் நான் இந்த வட்டத்துக்குள் நின்று பார்க்க வேண்டும். எதற்கு என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் போய்விட்டாள்.

மனசுக்குள் அவள், இவள் என்றுதான் வருகிறது, வாயில் மட்டும் கோனோ சான், சான் என்பது அவர்கள் ஊர் மரியாதைச் சொல். எனக்கு நாற்பத்தேழு வயது. இருபத்திரண்டு வருஷமாக மனிதர்களின் கைகளுக்கு நேரம் எடுத்துக்கொண்டிருக்கிறேன், ஒரு கை ஸ்குருவை எடுக்க எத்தனை வினாடி, திரும்ப எத்தனை வினாடி, அதில் எது வேலை, எது வீண். வீணுக்கு ஜப்பானியர்கள் முடா என்பார்கள், இங்கே எல்லாரும் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டு விட்டார்கள், கேன்டீனில் சாம்பார் தண்ணியாக இருந்தால்கூட முடா என்கிறார்கள். இப்படி வட்டத்தில் ஆளை நிறுத்துவது அவர்கள் ஊர்த் தொழிற்சாலைகளில் பழைய வழக்கம் என்பதும் எனக்குத் தெரியும். நானே புதிதாகச் சேரும் இன்ஜினியர்களுக்கு வகுப்பில் அதைச் சொல்லியிருக்கிறேன், ஒரு படம் போட்டுக் காட்டுவேன், ஒரு வட்டம், நடுவில் ஒரு குச்சி மனிதன், கீழே நான்கு வரி, அடுத்த படத்துக்குப் போய்விடுவேன், நாற்பது வினாடிகூட ஆகாது. அந்தக் குச்சி மனிதனுக்குக் குதிகால் வலிக்குமா, சிறுநீர் வந்தால் என்ன செய்வான், லைனில் இருக்கும் பதினோரு பேரும் அவனை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் பார்க்காதது மாதிரி இருக்கும்போது அவன் கண்ணை எங்கே வைத்துக்கொள்வான் என்றெல்லாம் எனக்குத் தோன்றியதே இல்லை. நேற்று நான் கொடுத்த அறிக்கைதான் காரணம், அது மட்டும் நிச்சயம். ஒன்பதையும் பத்தையும் சேர்த்து ஒரே ஸ்டேஷனாக்கலாம், ஒரு ஆளைக் குறைக்கலாம் என்று எழுதியிருந்தேன். கோனோ முழுவதும் படித்தாள், பக்கங்களை மூடினாள், "நல்லா எழுதியிருக்கு" என்றாள், பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர்களிடம் எனக்குப் பயமே அந்த மௌனம்தான். நம் ஆட்கள் கத்தினால் எவ்வளவு கத்துகிறார்கள் என்பதை வைத்து எவ்வளவு தப்பு என்று அளந்துவிடலாம். இவர்களுடைய மௌனத்துக்கு அளவுகோல் இல்லை. பிளான்ட் ஹெட்டுக்கு இன்று இரண்டு மணிக்கு அதே அறிக்கையை வாசித்துக் காட்ட வேண்டும். அதற்கு முன்னால் இந்த வட்டம்.

முதல் இருபது நிமிடத்தில் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டேன். ஏழாம் ஸ்டேஷன்காரன் கிரீஸ் டப்பாவுக்காக உடம்பைத் திருப்புகிறான், முடா. எட்டாம் ஸ்டேஷனில் ஸ்குரு டப்பா ஒரு கை தூரம் அதிகம், முடா. பத்தாம் ஸ்டேஷன் பையன் காற்றில் ஸ்குரு முடுக்கும் ஏர் கன்னை எடுத்துவிட்டு இரண்டு வினாடி சும்மா நிற்கிறான், அது தெரிந்ததுதான், அந்த இரண்டு வினாடியை நம்பித்தான் அறிக்கையே. ஒன்பதில் மங்கை. முழுப்பெயர் மங்கையர்க்கரசி, ஆனால் அடையாள அட்டையில் அத்தனை எழுத்துக்கு இடமில்லை, மங்கையர்க் என்று பாதியில் நிற்கும். கான்ட்ராக்ட், ஒன்பது வருஷம், முப்பத்து நான்கு வயதிருக்கும், செய்யாறு பக்கத்திலிருந்து விடிவதற்கு முன்னால் கிளம்பும் கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். ஜிக் என்று நாங்கள் சொல்லும் இரும்புத் தாங்கியில் பூட்டின் தகடு உட்கார்ந்து வரும். அவள் ஸ்பிரிங்கை எடுக்கிறாள், மாட்டுகிறாள், கொக்கியைக் கையால் அழுத்திப் பூட்டிப் பார்க்கிறாள், க்ளிக், விடுகிறாள், ஜிக் நகர்கிறது. எடு, மாட்டு, க்ளிக், விடு. நன்றாகத்தான் செய்கிறாள், வீண் அசைவே கிடையாது, நன்றாகச் செய்கிறவர்களிடம்தான் எளிதாகக் குறைக்க முடிகிறது, அது ஏன் அப்படி என்று இப்போதுதான் யோசிக்கிறேன். இதற்கு மேல் என்ன பார்ப்பது? கோனோ எதை நினைத்து நிறுத்தினாள்? அவளுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று இங்கே இருக்கிறது, எனக்கு அது தெரியவில்லை, பரீட்சையில் பக்கத்துப் பையன் வேகமாக எழுதிக்கொண்டே போகும்போது வருமே, அந்தப் படபடப்பு. வகுப்புக்கு வெளியே நிற்க வைக்கப்பட்ட ஞாபகமும் கூடவே வருகிறது, ஏழாம் வகுப்பு, அரக்கோணம், ஜன்னல் வழியாக எல்லாரும் என்னைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு நின்றேன், உண்மையில் யாரும் பார்க்கவில்லை, அரை மணி கழித்து நான் வராண்டாவில் எறும்பு வரிசையைப் பார்க்க ஆரம்பித்திருந்தேன். ஒரு எறும்பு எதிர்ப்பக்கமாக வந்து ஒவ்வொரு எறும்பிடமும் நின்று என்னவோ சொல்லிவிட்டுப் போனது. வாத்தியார் உள்ளே கூப்பிட்டபோது எனக்குப் போக மனசில்லை.

என் மனைவி வசுமதி ஒரு தரம் கேட்டாள், என் கைக்கும் டைம் எடுக்கறீங்களா என்று. சமையலறை வாசலில் சும்மா நின்றுகொண்டிருந்தேன், சும்மா நிற்பதாகத்தான் நினைத்தேன். உப்பு ஜாடி அடுப்புக்கு இடப்பக்கம் கடைசி அலமாரியில் இருந்தது, ஒவ்வொரு தரமும் இரண்டு அடி வைத்து எடுத்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நான் அதை வலப்பக்கம் கைக்கெட்டும் இடத்துக்கு மாற்றினேன், மிளகாய்த்தூள், மல்லித்தூள் எல்லாவற்றையும் வரிசையாக.  திங்கட்கிழமை உப்பு ஜாடி பழைய இடத்துக்குப் போயிருந்தது, மற்றதெல்லாம் நான் வைத்த இடத்திலேயே இருந்தது. உப்பு மட்டும். எனக்குக் கோபம் வந்தது, பிறகு மறந்தேன். ஏன் உப்பு மட்டும்? ஆறு வருஷமாகிறது, நான் கேட்கவில்லை. கொதிக்கிற ஆவியில் உப்பு கசிந்து கட்டியாகும் என்பதாலா, அல்லது அந்த இரண்டு அடி நடப்பது அவளுக்கு வேண்டியிருந்ததா? க்ளிக். அடுப்பு முன்னால் இடைவிடாமல் நிற்பவளுக்கு இரண்டு அடி நடப்பது முடாவா, என்னவோ. எனக்கு இப்போதே வலது குதிகாலில் ஆணி இறங்குகிற மாதிரி இருக்கிறது, அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, லைன் ஆட்கள் எட்டு மணி நேரம் நிற்கிறார்கள், எடையை இடது காலுக்கு மாற்றினேன், க்ளிக், வட்டத்தின் கோட்டில் ஷூ படாமல், க்ளிக் க்ளிக்.

இரண்டு க்ளிக். மங்கைதான். கொக்கியை ஒரு தரம் பூட்டினாள், தலையை ஒரு நூல் சாய்த்தாள், திறந்து மறுபடி பூட்டினாள், விட்டாள். அடுத்த பூட்டு ஒரே க்ளிக். அதற்கடுத்ததும் ஒன்றே. அசதியாயிருக்கும் என்று நினைத்தேன். இல்லை, நான் நிற்பதால் வேலையில் அக்கறை காட்டுகிறாள். பார்க்கிற ஆள் இருந்தால் எல்லாரும் கொஞ்சம் மாறுவார்கள், அதற்கு நாங்கள் கணக்கில் இடம் விடுவோம். ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் வந்து நின்றபோது ஒரு தரம் பார்த்ததோடு சரி. கொஞ்ச நேரத்தில் மறுபடி க்ளிக் க்ளிக். கையில் வாட்ச் இல்லாததால் கை சும்மா இருந்தது, கட்டை விரல் மட்டும் இல்லாத பட்டனை அழுத்தியது. ஸ்டாப்வாட்ச் இருந்திருந்தால் இந்த இரண்டாவது க்ளிக்கை எப்படிப் பார்த்திருப்பேன்? பத்து பூட்டுக்கு நேரம் எடுப்போம். பத்தொன்பது, பத்தொன்பது, பதினெட்டரை, பத்தொன்பது, இருபத்திரண்டு. அந்த இருபத்திரண்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, குறுக்கே ஒரு கோடு. அசாதாரணம், கணக்கில் சேர்க்க வேண்டாம். மற்ற ஒன்பதையும் கூட்டி வகுப்போம். அது தப்பில்லை, எல்லாப் பாடத்திலும் அப்படித்தான் இருக்கிறது, யாராவது தும்மியிருக்கலாம், ஸ்பிரிங் கீழே விழுந்திருக்கலாம். போன மாதம் எடுத்த காகிதத்தில் அந்த இருபத்திரண்டு இருந்தது, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, நீல மையால் அதைச் சுற்றியதும், கோடு போட்டதும், எண்ணை அடித்துவிட்டு நிமிர்ந்தபோது ஒரு சின்ன நிம்மதி வந்ததும். ஒட்டாததை எடுத்துவிட்டால் மிச்சமெல்லாம் அழகாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்படியானால் நான் இதைப் பார்த்திருக்கிறேன். பார்த்து, கையால் அடித்திருக்கிறேன்.

டீ இடைவேளைக்கு லைன் நின்றது. பத்து நிமிடம். எல்லாரும் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனார்கள், நான் போகலாமா என்று யோசித்தேன், கோனோ ஒன்றும் சொல்லவில்லையே, சொல்லாததால் நின்றேன். டில்லிபாபு காகிதக் கப்பில் டீ கொண்டுவந்து கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்று கையை நீட்டினான், கோயிலில் கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து விபூதி கொடுப்பது மாதிரி.

"சார், வெளிய வந்து உக்காந்து குடிங்க சார். யாரும் பாக்கல."

"இல்லப்பா, பரவால்ல."

"எதாவது தப்பாயிடுச்சா சார்?"

"தெரியல. பாக்கச் சொல்லியிருக்காங்க."

"எத சார்?"

"அதுவும் தெரியல."

அவன் கொஞ்ச நேரம் நான் பார்க்கும் திசையில் தானும் பார்த்தான். அவனுக்கு முப்பத்தைந்து வயது, இந்த லைன் போட்ட நாளிலிருந்து இருக்கிறான். "ஒண்ணும் இல்லயே சார்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, அவனுக்கும் வந்தது, பிறகு அவன் தாழ்ந்த குரலில், "அந்த ஒம்போதாம் ஸ்டேஷன் விஷயம் நெஜமா சார்? மங்கைக்குத் தெரியும்போல. ஒண்ணும் கேக்க மாட்டேங்குது" என்றான்.  இங்கே எல்லாம் எப்படியோ தெரிந்துவிடுகிறது. மங்கை குழாயடியில் கன்னத்தில் ஈரக் கையை வைத்துக்கொண்டு இன்னொரு பெண்ணோடு என்னவோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். தன் இடத்தை எடுத்துவிட எழுதின ஆள் ஆறடி தூரத்தில் நிற்பது தெரிந்தும் ஒருத்தி எப்படி ஒரே மாதிரி ஸ்பிரிங் மாட்டுகிறாள்? நானாக இருந்தால் இரண்டு ஸ்பிரிங்காவது கீழே விழுந்திருக்கும். எனக்கும் அப்படி ஒரு நாள் வரும். கூரையில் கேமரா பொருத்திவிட்டால் போதும், அதுவே கைகளைப் பார்த்து நேரம் எடுத்துக்கொள்ளும் என்று போன வாரம் ஒரு கம்பெனிக்காரன் வந்து காட்டிவிட்டுப் போனான், திரையில் கைகள் பச்சையும் சிவப்புமாக மின்னின. அதுவும் இருபத்திரண்டை அடித்துவிடத்தான் செய்யும், என்னைவிட வேகமாக.

லைன் மறுபடி ஓட ஆரம்பித்ததும் எண்ணத் தொடங்கினேன். எழுத வேண்டாம் என்றுதான் சொன்னாள், எண்ண வேண்டாம் என்று சொல்லவில்லை. க்ளிக் க்ளிக்கிலிருந்து தொடங்கி, ஒன்று, இரண்டு, மூன்று, விரல்களை மடக்கிக்கொண்டே, ஏழு ஒற்றை க்ளிக், எட்டாவது இரட்டை. தற்செயல். மறுபடி எண்ணினேன். ஏழு, பிறகு இரட்டை. மூன்றாம் முறையும் எட்டாவதில் வந்து நின்றபோது எனக்குக் குதிகால் வலி மறந்துவிட்டது. எட்டு. எட்டு எங்கே இருக்கிறது இந்த லைனில்? ஆட்கள் பதினோரு பேர், ஸ்குரு நான்கு, டப்பாவில் ஸ்பிரிங் ஐம்பது. ஜிக்குகள். ஏழிலிருந்து பதினொன்று வரைக்கும் சுற்றிச் சுற்றி வரும் ஜிக்குகள் எட்டு. அதில் ஏதோ ஒன்று வரும்போது மட்டும் அவள் இரண்டு தரம் பூட்டுகிறாள். பத்து பூட்டுக்கு நேரம் எடுத்தால் அது ஒரே ஒரு தரம்தான் கண்ணில் படும், ஒரு தரம் பட்டால் அசாதாரணம். இருபது எடுத்திருந்தால் இரண்டு, நாற்பது எடுத்திருந்தால் ஐந்து, அடிக்க முடிந்திருக்காது. எந்த ஜிக்? எண்கள் பக்கவாட்டில் பொறித்திருக்கும், ஆறடியிலிருந்து தெரியவில்லை, கழுத்தை நீட்டினேன், ஷூவின் நுனி கோட்டைத் தாண்டிவிட்டதா என்று குனிந்து பார்த்து இழுத்துக்கொண்டேன், நாற்பத்தேழு வயதில் சாக்பீஸ் கோட்டுக்கு இந்தப் பயம். அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தேன். இரண்டரை நிமிடம். அது வந்தது. ஜிக்கின் மூலையில் ஒரு புள்ளி, அரக்கு நிறம். பெயிண்ட் தெறித்ததோ? அடுத்த சுற்றில் கண்ணை இடுக்கிப் பார்த்தேன். பெயிண்ட் இவ்வளவு வட்டமாகத் தெறிக்காது. ஸ்டிக்கர் பொட்டு. மங்கையின் நெற்றியில் இருந்த அதே நிறம், அதே அளவு. எங்கள் விதிப்படி லைனில் ஒட்டக்கூடாத வெளிப்பொருள், கண்டால் அகற்றச் சொல்லிச் சிவப்புச் சீட்டு ஒட்டுவோம். அதை அவள் தன் நெற்றியிலிருந்தோ அட்டையிலிருந்தோ எடுத்து அங்கே ஒட்டியிருக்கிறாள், எப்போது ஒட்டினாளோ, ஓரமெல்லாம் கருத்துப் போயிருந்தது.

அந்த ஜிக்கில் தகடு மயிரிழை தள்ளி உட்காருகிறது, அதனால் ஸ்பிரிங் பாதியில் நின்றுவிடுகிறது, முதல் க்ளிக்கில் சத்தம் மாறுகிறது, அவள் திறந்து விரலால் அழுத்தி மறுபடி பூட்டுகிறாள், இப்போது சரியான சத்தம். இதையெல்லாம் நான் யூகித்ததுதான். ஒன்பதையும் பத்தையும் சேர்த்தால் ஸ்பிரிங்கை ஏர் கன் வைத்திருக்கும் பையன் மாட்டுவான், ஒரு தரம் பூட்டுவான், ஏர் கன் சத்தத்தில் க்ளிக் எப்படி வந்தது என்று அவனுக்குக் கேட்காது. எட்டில் ஒன்று. ஒரு நாளைக்குச் சுமார் நூற்றெழுபது பூட்டு. கடைசியில் சோதிக்கும் மெஷின் பூட்டு மூடுகிறதா என்றுதான் பார்க்கும், பாதி மாட்டின ஸ்பிரிங்கும் மூடத்தான் செய்யும், முதல் நாள், இரண்டாம் நாள், முந்நூறாம் நாள். பிறகு ஒரு நாள் மேடு பள்ளத்தில் கொக்கி விட்டுக் கதவு திறக்கும், யாரோ ஒருவருடைய கார், பின் சீட்டில் கதவில் சாய்ந்துகொண்டு தூங்குகிற யாரோ. எங்கள் வீட்டுச் சின்னவள் அப்படித்தான் தூங்குவாள், கன்னம் கண்ணாடியில் அழுந்தி, வாய் கொஞ்சம் திறந்து, போன தீபாவளிக்குத் திருத்தணி போய்த் திரும்பும்போதுகூட அப்படித்தான், கதவு பூட்டியிருக்கா பாருங்க என்று வசுமதி கேட்டாள், பூட்டியாச்சு என்றேன், அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் சொன்னேனா என்று இப்போது சத்தியம் செய்ய முடியவில்லை. இந்த நிமிடம் வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்றால் ஆறடி தூரத்தில் ஒருத்தி தலையை ஒரு நூல் சாய்க்கிறாள். அந்தச் சாய்ப்பு மூன்று வினாடி.

சரி, அவள் ஏன் சொல்லவில்லை? சொல்வதற்கென்றே லைன் முழுக்கத் தலைக்கு மேலே மஞ்சள் கயிறு ஓடுகிறது. கோளாறு என்றால் யாரும் இழுக்கலாம், பாட்டு ஒலிக்கும், விளக்கு எரியும், லைன் நிற்கும், லீடர் ஓடி வருவான். நிமிர்ந்து பார்த்தேன். கயிறு வாங்கின அன்று இருந்த மஞ்சளிலேயே இருந்தது. இது எனக்கு விசித்திரமாகப் பட்டது. பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் ஜப்பானில் நகோயா பக்கத்தில் ஒரு தொழிற்சாலைக்கு என்னை ஆறு வாரம் பயிற்சிக்கு அனுப்பினார்கள், அங்கே கயிறு கருப்பு, கைபட்டுக் கைபட்டுக் கருத்தது, பாட்டு ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும், முதல் நாள் நான் நினைத்தேன், இவ்வளவு பேர்போன ஊரில் இவ்வளவு மோசமான லைனா. அங்கிருந்த போர்மேன் சிரித்துக்கொண்டு, பாட்டு கேட்காத நாளில்தான் எனக்குத் தூக்கம் வராது என்றார். இங்கே பாட்டைக் கடைசியாக எப்போது கேட்டேன்? ஞாபகமில்லை. என்ன பாட்டு என்பதுகூட ஞாபகமில்லை. தூணுக்குப் பக்கத்தில் பலகை தெரிந்தது, லைன் நிறுத்தம் மாதாந்திர அட்டவணை, நான் வடிவமைத்தது. நகோயாவிலிருந்து கொண்டுவந்த படிவத்தை நான்தான் தமிழில் போட்டேன். தேதி, நேரம், எத்தனை நிமிடம், காரணம். முதல் சில மாதம் காரணம் என்ற கட்டத்தில் ஸ்பிரிங் வரவில்லை, கரண்ட் போச்சு, ஸ்குரு வழுக்குது என்று என்னென்னவோ எழுதினார்கள். ஒரு கூட்டத்தில் பிளான்ட் ஹெட், இதை வைத்து யாரைக் கேட்பது என்றார். நான் அன்று சாயங்காலமே அந்தக் கட்டத்தின் தலைப்பை மாற்றினேன், காரணம் என்பதைக் காரணமானவர் என்று. ஆனவர் என்று நான்கு எழுத்து சேர்த்தேன், கட்டத்தின் அகலம்கூட மாறவில்லை. அதற்கப்புறம் அதில் பெயர்கள் வந்தன. இரண்டு மாதம் வந்தன, பிறகு வரவில்லை. நிறுத்தமே இல்லாமல் போனதற்கு எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசாகக் கொடுத்தார்கள், கைதட்டினார்கள், எங்கள் வீட்டு வரவேற்பறையில் இன்னும் ஓடுகிறது. கடைசியாக வந்த பெயர்களில் ஒன்று மங்கையர்க். பதினொரு நிமிடம். அந்தப் பெயரோடு அட்டவணையின் நகல் கேன்டீன் வாசலில் ஒரு மாதம் தொங்கியது.

வட்டத்தைவிட்டு வெளியே வந்தேன். மணி என்ன என்று தெரியாது, சாப்பாட்டு மணி இன்னும் அடிக்கவில்லை என்பது மட்டும் தெரியும். பொட்டு ஒட்டின ஜிக் எட்டாம் ஸ்டேஷனைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. கால்கள் மரத்திருந்ததால் இரண்டு அடி தடுமாறி, மங்கையின் தலைக்கு மேலே கையை நீட்டி, கயிற்றை இழுத்தேன். நான் நினைத்ததைவிட அது இறுக்கமாக இருந்தது. பாட்டு வந்தது, ஏதோ குழந்தைகள் பாட்டின் மெட்டு, லைன் முழுவதும் ஒரு பெருமூச்சோடு நின்றது. மங்கை இரண்டு கையையும் தூக்கிவிட்டாள்.

"நான் இல்ல சார்! நான் தொடவே இல்ல!"

டில்லிபாபு ஓடி வந்தான். "யாருங்க இழுத்தது? மங்கை, நீங்களா?"

"நான்தாம்ப்பா" என்றேன். "அந்த ஜிக்கைக் கழட்டு. பொட்டு இருக்கே, அது."

அவன் மங்கையைப் பார்த்தான். மங்கை தரையைப் பார்த்தாள். மெயின்டனன்ஸ் ஆள் வந்து தகட்டை எடுத்துவிட்டு ஜிக்கின் பின்னை விரலால் ஆட்டினான், ஆடியது, கண்ணுக்குத் தெரியாத அளவு, ஆனால் விரலுக்குத் தெரிகிற அளவு. "தேஞ்சு போச்சு சார். ரொம்ப நாளாயிருக்கும்." யாரோ பாட்டை அணைத்தார்கள். அப்போதுதான் கோனோ வந்தாள், ஒரு கையில் என் போன், இன்னொரு கையில் ஸ்டாப்வாட்ச். காலியாக இருந்த வட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மணி அடிக்கல."

"அடிக்கல. மன்னிக்கணும்."

"என்ன பார்த்தீங்க?"

பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாக எல்லாவற்றையும் சொன்னேன், எட்டு, இரண்டாவது க்ளிக், நான் அடித்த இருபத்திரண்டு, பலகையில் நான் சேர்த்த நான்கு எழுத்து.  அவள் ஜிக்கைக் கையில் வாங்கி மூலையைத் தடவிப் பார்த்தாள்.

"இது என்ன?"

"பொட்டு மேடம்" என்றாள் மங்கை. "அடையாளத்துக்கு." தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள்.

கோனோ அந்த நெற்றியையும் ஜிக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். "எத்தனை மாசம்?"

"பத்து மாசம் இருக்கும் மேடம். கை பட பட விழுந்துடும், புதுசு ஒட்டுவேன்."

நான் கோனோவிடம், "நான் இதப் பாக்கணும்னுதான் நிக்க வச்சீங்களா?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாது" என்றாள். "தெரிஞ்சா சொல்லியிருப்பேன். நிக்க வைக்க வேண்டாம்."

அதை நம்புவதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இவ்வளவு நேரமும் அவளுக்குத் தெரிந்த ஒரு பதிலைத் தேடிக்கொண்டிருப்பதாகத்தானே நினைத்தேன். இரண்டு மணிக்கு அந்த அறிக்கையை வாசிக்க மாட்டேன் என்றேன். ஒரு ஆளைக் குறைக்க வேண்டும் என்று மேலே முடிவு செய்தது அப்படியே இருக்கிறதே என்றாள். இருக்கிறது என்றேன். அப்புறம் என்ன சொல்வீர்கள் என்றாள். நான் தப்பாக அளந்துவிட்டேன் என்று சொல்வேன், பலகையைக் கழற்றச் சொல்வேன், அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை என்றேன். கோபப்படுவார்கள் என்றாள். படுவார்கள். அவள் ஸ்டாப்வாட்ச்சை என்னிடம் நீட்டிவிட்டு, "நானும் வரேன். பக்கத்துல உக்காருவேன்" என்றாள். அவ்வளவுதான். குனிந்து வணங்கவோ, பாராட்டவோ இல்லை. நான் வாட்ச்சை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

சாப்பாட்டு மணி அடித்தது. எல்லாரும் கேன்டீன் பக்கம் ஓடினார்கள், முப்பது நிமிடத்தில் வரிசைக்கே பதினான்கு நிமிடம் போய்விடும். மங்கை எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"இத முன்னாடியே யார்கிட்டயாவது சொன்னீங்களாம்மா?"

"சொன்னேன் சார்."

"யார்கிட்ட?"

அவள் டில்லிபாபு போய்விட்டானா என்று பார்த்தாள், கோனோவைப் பார்த்தாள். "உங்ககிட்டதான் சார்."

"என்கிட்டயா? எப்ப?"

"போன மாசம் சார். வாட்ச்ச வச்சுக்கிட்டு வந்து நின்னீங்களே. அந்த ஜிக்கு வந்தப்போ, சார் இது ஒண்ணு மட்டும் கொஞ்சம்னு ஆரம்பிச்சேன். நீங்க கைய காட்டுனீங்க. அப்புறம்மா, டைம் ஓடுதுன்னீங்க."

எனக்கு ஞாபகம் வரவில்லை. பிறகு வந்தது. முகம் வரவில்லை, குரல் வரவில்லை, என் உள்ளங்கை மட்டும் வந்தது, எண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு பேச்சை நிறுத்துவதற்காக நான் தூக்கின உள்ளங்கை, அதற்கு அந்தப் பக்கம் யாரோ வாயைத் திறந்து மூடியது. அந்த இருபத்திரண்டில் மூன்று வினாடி அவள் என்னோடு பேச முயன்றதற்கும் சேர்த்துத்தான் இருந்திருக்க வேண்டும். மன்னிச்சுக்கங்க என்று சொல்ல நினைத்தேன், சொன்னேனா என்று தெரியவில்லை, சொல்லியிருந்தாலும் வாய்க்குள்ளேயே நின்றிருக்கும்.

"வேற எதாவது சொல்ல இருந்துச்சா, அன்னிக்கு?"

"அன்னிக்கு அது ஒண்ணுதான் சார்." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா சொல்றதுக்கு நெறைய இருக்கு. சாப்பிட்டு வந்து சொல்லட்டா சார்? இப்பவே வரிசை வாசல் வரைக்கும் வந்திருக்கும்."

"போங்க, போங்க" என்றேன்.

அவள் போனாள், கிட்டத்தட்ட ஓட்டம்தான். நெறைய என்றாளே, என்ன அது, எத்தனை? லைன் நின்ற அமைதியில் ஒன்பதாம் ஸ்டேஷனில் ஒரே ஒரு சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, தரையில் வைத்த மின்விசிறி. மற்ற பத்து ஸ்டேஷனிலும் விசிறி ஆள் நிற்கும் இடத்தைப் பார்த்து இருந்தது. இது மட்டும் அவள் நிற்கும் இடத்தைப் பார்க்காமல் தூணைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து ஆறடி தூரத்தில் நின்றிருக்கிறேன், இந்த வேக்காட்டில் அவள் முதுகு நனைந்திருந்ததைக்கூடப் பார்த்தேன், இதைப் பார்க்கவில்லை. காற்று வேண்டாமென்று யாராவது திருப்பி வைப்பார்களா? காதில் காற்று அடித்தால் க்ளிக் சரியாகக் கேட்காது என்பதற்காகவா? கேட்க வாயெடுத்தேன். அவள் வரிசையில் சேர்ந்துவிட்டிருந்தாள்.